பொண்ணு அமெரிக்கா காலேஜ்ல டான்ஸை மேஜரா எடுக்கறேங்கறா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மீனா_கோவை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, பயோ மேத்ஸ் குரூப். ஆறு வயசுல இருந்து பரதம் கத்துக்கறா, பத்தாவது லீவுல அரங்கேற்றம் பண்ணுனோம். இப்ப அமெரிக்கால வடகிழக்குப் பக்கம், கலை அறிவியல்னு எல்லாப் பாடமும் கலந்து படிக்கற ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்குதுங்க, மொத்தமே ரெண்டாயிரம் பசங்க படிக்கற இடம். அவங்க தர உதவித்தொகை போக நாங்க வருஷத்துக்கு ஒன்பது லட்சம் பக்கமா கட்டணும், கஷ்டந்தான் ஆனா முடியாதுன்னு இல்ல. பிரச்சனை என்னன்னா அங்க போய் பயாலஜியோட டான்ஸையும் சேர்த்து ரெண்டு மேஜரா, அதான் முக்கியப் பாடமா, படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவங்கப்பா ரெண்டு நாளா சாப்பாட்டு நேரத்துல கூடப் பேசறதில்ல. டான்ஸ் படிக்க எதுக்கு அவ்ளோ தூரம், மெட்ராஸ்ல இல்லாத டான்ஸாங்கறார். எனக்கு அவர் கேக்கறதும் நியாயமாத்தான் படுது, இவ ஆசையும் புரியுது. நான் டெக்ஸ்டைல் கம்பெனில கணக்கு பாக்கறவ, எனக்கு இதெல்லாம் சுத்தமாத் தெரியாதுங்க. அங்க டான்ஸ் மேஜர்னா நெசமா என்னதான் சொல்லித் தருவாங்க? பரதம் விட்டுப்போயிருமா? படிச்சு முடிச்சா சோத்துக்கு வழி இருக்குங்களா?

சிவா_தூத்துக்குடி:
வாழ்த்துக்கள் மேடம். பயாலஜி மட்டும் மேஜரா வெச்சுக்கிட்டு டான்ஸை சாயங்காலம் கிளப் மாதிரி வெச்சுக்கலாமே, ரெண்டுக்கும் ஏன் டிகிரி? எனக்கு இதுதான் தோணுது, விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க.

பனிக்காட்டு_தமிழ்:
மீனா அக்கா, நான் ஒஹையோ பக்கம் இதே மாதிரி ஒரு காலேஜ்ல டான்ஸும் பயாலஜியும் படிச்சவ, அதனால நான் சொல்றது கேள்விப்பட்டது இல்ல, பட்டது. கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம், அங்க சேரும்போதே டான்ஸ் டிபார்ட்மெண்ட்ல சேர்றதுன்னு கிடையாது. காலேஜ்ல சேர்றோம், அவ்ளோதான். ரெண்டாவது வருஷக் கடைசிலதான் மேஜர் என்னன்னு எழுதிக் குடுக்கணும். நாலு வருஷத்துல 32 கோர்ஸ் மாதிரி எடுப்போம், அதுல மூணுல ஒரு பங்குதான் மேஜருக்கு, மீதி எல்லாம் எழுத்து, கணக்கு, வரலாறு, ஏதாவது ஒரு மொழின்னு போகும். இது பி.ஏ. இன்னொன்னு பி.எஃப்.ஏ.ன்னு இருக்கு, அதுல மூணுல ரெண்டு பங்கு கலைதான், அது மேடைக்குன்னே தயார் பண்ற படிப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, உங்க பொண்ணு போறது முதல் வகை.

என்ன சொல்லித் தருவாங்கன்னா, உடம்புப் பயிற்சி வகுப்பு ஒண்ணு எப்பவும் ஓடும், மாடர்ன், பாலே, சில இடத்துல மேற்கு ஆப்பிரிக்க நடனம். அப்புறம் முன்கூட்டி யோசிக்காம அப்பப்ப ஆடற இம்ப்ரோவைசேஷன், சொந்தமா ஆட்டம் அமைக்கற காம்போசிஷன், நடன வரலாறு, உடற்கூறு, கொஞ்சம் லைட்டிங், கடைசி வருஷம் சொந்தமா ஒரு படைப்பும் அதைப் பத்தி ஒரு நீள ஆய்வுக் கட்டுரையும். எனக்கு முதல் காம்போசிஷன் வகுப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ரெண்டு வாரம் வெறும் நடை. நடங்க, நில்லுங்க, திரும்புங்கன்னு மட்டுந்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு, பத்து வருஷம் வர்ணம்னு பரதத்துல பெரிய உருப்படி ஆடுன என்னை நடக்கச் சொல்றாங்களேன்னு. மூணாவது வாரம் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நிலையைக் காட்டுங்கன்னாங்க, நான் முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உக்கார்ற அரைமண்டில உக்காந்தேன். முட்டி ஏன் பக்கவாட்டுல போகுதுன்னு அந்த டீச்சர் கேட்டாங்க. தப்புக் கண்டுபிடிக்கறதுக்கு இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான். என்கிட்ட பதில் இல்ல அக்கா. டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்கங்கறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அடுத்த செமஸ்டர் உடற்கூறு வகுப்புல எலும்புக்கூட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிச்சோம். கால் வெளிப்பக்கம் திரும்பறது இடுப்பு மூட்டுல இருந்து வரணும், அதுக்குன்னு உள்ளுக்குள்ள ஆறு சின்னத் தசை இருக்கு. இடுப்பு அவ்ளோ திறக்காத பிள்ளைங்க பாதத்தை மட்டும் திருப்பி வெச்சுக்கும், முறுக்கு முழுக்க முட்டில விழும். எனக்கு பதினாலு வயசுல இருந்து முட்டி வலி, அதுக்குக் காரணம் இதுதான்னு பத்தொம்பது வயசுலதான் தெரிஞ்சுது. அந்த ஒரு வகுப்புதான் என்னை பிசியோதெரபி பக்கம் தள்ளுச்சு, இப்ப அதுதான் என் தொழில்.

சிவா அண்ணா, கிளப்ல இது நடக்காது. கிளப்ல கல்ச்சுரல் நைட்டுக்கு ரெண்டு பாட்டு ரெடி பண்ணுவோம், நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற.

தட்டுக்கழி:
நான் சென்னையில 29 வருஷமா சொல்லிக் குடுக்கறேன். இந்தப் பொண்ணு எழுதினது நேர்மையா இருக்கு, முட்டி விஷயம் எங்களுக்கும் உறைக்க வேண்டியதுதான், சிமெண்ட் தரையில மணிக்கணக்கா தட்ட வெச்சு எத்தனையோ பிள்ளைங்க முட்டியைப் பாழாக்கியிருக்கோம்.

ஆனா மீனா அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல. பரதம் விட்டுப்போயிருமா? போயிரும்மா. நான் ஒளிக்காம சொல்றேன். பதினெட்டுல இருந்து இருபத்திரெண்டு வரைக்கும்தான் உடம்புல பலமும் மனசுல அபிநயத்துக்கான பக்குவமும் ஒண்ணா சேர்ற வயசு. கலாக்ஷேத்ரா மாதிரி இடத்துல நாலு வருஷ டிப்ளமோன்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆட்டம், பாட்டு, தியரின்னு அதுலயே ஊறிக் கிடப்பாங்க. இங்க சொல்ற காலேஜ்ல வாரத்துக்கு ரெண்டு வகுப்பு, ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம், அதுவும் பரதம் இல்ல. ஒரு வர்ணம் முக்கால் மணி நேரம் ஆடணும்னா மூச்சு எங்கிருந்து வரும்? யார் பாடுவா? யார் தாளம் போடுவா? போன்ல பாட்டைப் போட்டுட்டு ஆடிப் பழகுன பொண்ணுக்கு, பாடகர் ஒரு வரியை ஆறு தடவை திருப்பிப் பாடுனா ஆறு விதமா கை விரியாது. என்கிட்ட இருந்து ரெண்டு பிள்ளைங்க அப்படிப் போனாங்க, நல்ல பிள்ளைங்க, லீவுல வந்து ஆடிக் காட்டும்போது அடவுல, அதாவது அடிப்படைக் கால் கை அசைவுல, சுத்தம் போயிருந்துச்சு. அதை அவங்களும் உணர்ந்தாங்க, அதுதான் எனக்கு வேதனை.

ஆய்வு_அகிலா:
தட்டுக்கழி டீச்சர், நீங்க மணிக்கணக்கைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. நான் அமெரிக்காவுல நடன ஆய்வுல பி.எச்.டி. பண்றேன், இளங்கலைப் பசங்களுக்கு உதவி ஆசிரியரா வகுப்பும் எடுக்கறேன். இந்தப் படிப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொன்னா மீனா அக்காவுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அமெரிக்காவுல டான்ஸுக்குன்னு முதல் டிகிரி படிப்பு 1926ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல வந்துச்சு. அதை உருவாக்குனவங்க மார்கரெட் ஹெச்'டப்ளர். அவங்க டான்ஸரே இல்ல! பயாலஜி படிச்சவங்க, பொண்ணுங்களுக்கு பாஸ்கெட்பால் பயிற்சி குடுத்துட்டிருந்தவங்க. நியூயார்க்குக்குப் படிக்கப் போனப்ப டான்ஸை எப்படி பல்கலைக்கழகத்துக்குள்ள கொண்டு வரலாம்னு பாத்துட்டு வான்னு அவங்க துறைத் தலைவி சொல்லி அனுப்புனாங்க. அங்க பாத்த எந்த டான்ஸ் ஸ்கூலும் அவங்களுக்குப் பிடிக்கல, எல்லாமே பாத்து அப்படியே செய்யறதா இருந்துச்சு. திரும்பி வந்து பிள்ளைங்களைத் தரையில படுக்க வெச்சு, ஒவ்வொரு மூட்டும் எப்படி அசையுதுன்னு அவங்களாவே கண்டுபிடிக்க வெச்சாங்க, தான் ஆடிக் காட்ட மாட்டாங்க. மேல பனிக்காட்டு சொன்னாங்க பாருங்க எலும்புக்கூடு, அது ஹெச்'டப்ளர் வகுப்புலயே இருந்த பழக்கம்! நூறு வருஷமா அந்தக் கேள்வி கேக்கற முறைதான் இந்த காலேஜ்கள்ல ஓடிட்டிருக்கு. மேடைக்கு ஆள் தயார் பண்றது அந்தம்மா நோக்கத்துலயே இல்ல, ஆனாலும் அன்னா ஹால்ப்ரின் மாதிரி பெரிய கலைஞர் அந்த வகுப்புல இருந்து வந்தாங்க. இன்னொரு பக்கம் வெர்மான்ட்ல பென்னிங்டன் காலேஜ்ல 1934ல இருந்து கோடைக்கால நடனப் பள்ளி நடத்துனாங்க, மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரின்னு மாடர்ன் டான்ஸ்ல பேர் வாங்குன மேடைக் கலைஞர்கள் எல்லாரும் அங்க வந்து சொல்லிக் குடுத்தாங்க. அதனால மேடைக்காரங்களும் காலேஜும் அங்க ரொம்ப காலமாவே பக்கத்துப் பக்கத்துலதான் இருந்திருக்காங்க.

இனி நம்ம கதை. இதை நிறைய பேர் மறந்துட்டாங்கன்னு எனக்கு ஆதங்கம். கனெக்டிகட்ல வெஸ்லியன் பல்கலைக்கழகம், அதுவும் லிபரல் ஆர்ட்ஸ் இடந்தான். அங்க 1962லயே நம்ம பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மா போய் சொல்லிக் குடுத்திருக்காங்க. வீணை தனம்மாளோட பேத்தி, நட்டுவனார் கந்தப்பப் பிள்ளைகிட்ட கத்துக்கிட்டவங்க. அவங்க தம்பிங்க, மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும், வருஷக்கணக்கா அங்கயே ஆசிரியர்களா இருந்தாங்க. ஹிக்கின்ஸ் பாகவதர்னு நம்ம ஊர்ல கொண்டாடுனோமே ஜான் ஹிக்கின்ஸ், அவர் வெஸ்லியன் மாணவர், விஸ்வநாதன்கிட்ட கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவர். அதனால அங்க பரதத்துக்கு இடமே இல்லன்னு சொல்லிட முடியாது டீச்சர். எல்லா காலேஜ்லயும் அப்படின்னும் நான் சொல்ல மாட்டேன்.

தட்டுக்கழி:
பாலாம்மா பேரைச் சொன்னதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு அகிலா. என் டீச்சர் அவங்க பதத்தை, அபிநயத்துக்குன்னே இருக்கற பாட்டு அது, நேர்ல பாத்தவங்க, கிருஷ்ணா நீ பேகனே ஆடுனதைச் சொல்லும்போது அவங்க குரலே மாறிடும். ஆனா நீ சொன்னதுலயே என் பதிலும் இருக்கு. அவங்க அங்க தனியாப் போகல. தம்பி மிருதங்கம், இன்னொரு தம்பி குழல், வீட்டு சங்கீதம் முழுசும் கூடவே போச்சு. பாட்டு இல்லாம ஆட்டத்தை அவங்க நினைச்சுப் பாத்ததே இல்ல. அப்படி ஒரு சூழல் இந்தக் குழந்தை போற இடத்துல இருக்கான்னுதான் கேக்கறேன்.

எடிசன்_அப்பா:
நான் இங்க எழுதி ரொம்ப நாளாச்சு, இதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. நியூஜெர்சில 22 வருஷமா இருக்கேன். எங்க பொண்ணு அரங்கேற்றத்துக்கு ஹால், ஆர்க்கெஸ்ட்ரா, மேக்கப், ஊர்ல இருந்து புடவைன்னு ஒரு கார் வாங்கற காசு செலவாச்சு. மறுநாள் காலையில சலங்கையை டப்பாவுல போட்டு அலமாரி மேல வெச்சா, இனிமே ஆட மாட்டேன்னா. நானும் என் வீட்டுக்காரியும் ஒண்ணும் சொல்லல, ஆனா உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிட்டோம்.

காலேஜ்ல எகனாமிக்ஸ். முதல் வருஷம் ஏதோ ஒரு கலை கோர்ஸ் கட்டாயம்னு நடன வரலாறு எடுத்தா. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தவ, சாப்பிட்டுட்டே, அப்பா நான் ஆடுன பதமெல்லாம் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னா. எனக்குப் புரியல. கோயில்ல ஆடிட்டிருந்த பொண்ணுங்க, அவங்க குடும்பங்க, முத்துலட்சுமி ரெட்டி அம்மா போராட்டம், தேவதாசி முறையைத் தடை பண்ணி 1947ல மெட்ராஸ்ல வந்த சட்டம், அதுக்குள்ள வேற வீட்டுப் பொண்ணுங்க இதைக் கத்துக்கிட்டு மேடை ஏறுனது, பரம்பரையா ஆடுனவங்க ஓரமாப் போனதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்றா. பத்து வருஷம் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனேன், பனியில கார்ல உக்காந்து காத்திருந்தேன், இதுல ஒரு வரி எனக்குத் தெரியாது. எங்க கிராமத்துக் கோயில்ல பாட்டி காலத்துல ஆடுனவங்க இருந்தாங்கன்னு மட்டும் அம்மா ஒரு தடவை சொல்லி, உடனே பேச்சை மாத்துனது ஞாபகம் வந்துச்சு. அதைப் பொண்ணுகிட்ட சொன்னேன். அன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம், அவ்ளோ நேரம் நாங்க சேர்ந்து பேசுனதே அதுக்கு முன்னாடி கிடையாது.

அடுத்த லீவுல சலங்கையை எடுத்தா. மேடைக்கு இல்ல, அடித்தளத்துல தனியா ஆடிட்டிருப்பா, நான் படியில உக்காந்து கேப்பேன். மீனா சிஸ்டர், வேலை வாய்ப்பெல்லாம் மத்தவங்க சொல்லட்டும். என் பொண்ணு அரங்கேற்றத்தன்னைக்கு ஆடுனதை விட இப்ப ஆடறது எனக்குப் பெருசு.

ஆய்வு_அகிலா:
எடிசன் சார், இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். நான் வகுப்பு எடுக்கும்போது ஜோன் கெயாலினோஹோமோகுன்னு ஒரு மானிடவியலாளர் 1970 வாக்குல எழுதுன கட்டுரையைக் குடுப்பேன். பாலேவும் ஒரு இனத்தோட நடனந்தான், எல்லா உலகத்துக்கும் பொதுவான அளவுகோல் இல்லங்கறது அவங்க வாதம். பாலே படிச்ச பசங்களுக்கு முதல்ல கோபம் வரும். நம்ம பிள்ளைங்க அதைப் படிச்சு சந்தோஷப்படுவாங்க, அடுத்த வாரம் அதே கேள்வியைப் பரதத்து மேல வெப்பேன், அப்ப அவங்க அமைதியாயிடுவாங்க. அந்த ரெண்டாவது வாரத்துக்காகத்தான் நான் இந்த வேலையில இருக்கேன்.

மீனா_கோவை:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. எடிசன் அண்ணா எழுதுனதை அவங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, ஆனா டிவிய அணைச்சுட்டுக் கேட்டாரு. அடுத்ததா வேலையும் விசாவும் என்னன்னு கேளுங்கறார். பனிக்காட்டுத் தங்கச்சி, கொஞ்சம் சொல்லுங்களேன்.

பனிக்காட்டு_தமிழ்:
சொல்றேன் அக்கா, இதுல சர்க்கரை தடவ மாட்டேன்.

படிக்கும்போது எஃப் 1ங்கற மாணவர் விசாவுல செமஸ்டர் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம் கேம்பஸ்லயே வேலை பாக்கலாம். நான் தியேட்டர்ல லைட் கட்டுனேன், கைச்செலவுக்கு ஆச்சு. முடிச்சதும் ஓ.பி.டி.ன்னு 12 மாசம் படிப்பு சம்பந்தமான வேலை பாக்கலாம். அதுக்கு மேல 24 மாசம் நீட்டிப்பு அறிவியல், கணிதம், இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத்தான், டான்ஸுக்குக் கிடையாது. பயாலஜிக்கு உண்டு, அது சம்பந்தமான வேலையா இருக்கணும். அதனால வெறும் டான்ஸ் மட்டும்னு பொண்ணு சொல்லியிருந்தா நான் யோசிங்கன்னு சொல்லியிருப்பேன், ரெண்டும் சேர்த்துங்கறது புத்திசாலித்தனம். பிசியோதெரபிக்குப் போகணும்னா டிகிரிக்கு அப்புறம் மூணு வருஷம், அதுக்குக் காசு தனி, வெளிநாட்டுப் பசங்களுக்கு அங்க கடன் கிடைக்கறது கஷ்டம், உள்ளூர்ல யாராவது கையெழுத்துப் போடணும். எனக்கு மாமா போட்டார், இல்லன்னா முடிஞ்சிருக்காது. என் கூட டான்ஸ் மட்டும் படிச்சவங்க ஒருத்தி ஸ்கூல் டீச்சர், ஒருத்தன் ஒரு கலை அமைப்புல நிர்வாகம், ரெண்டு பேர் நியூயார்க்ல ஆடறாங்க, கூடவே காபிக்கடையிலயும் நிக்கறாங்க. அவங்க சந்தோஷமா இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வாடகை நெருக்கடி நெசம்.

உதவித்தொகை கடிதத்தை நல்லாப் படிங்க. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், அதோட உதவியும் ஏறுமா, ஹெல்த் இன்சூரன்ஸ் அதுல அடக்கமா, டிசம்பர் லீவுல ஹாஸ்டல் திறந்திருக்குமா, இதெல்லாம் ஈமெயில்ல எழுதிக் கேட்டு பதிலை வெச்சுக்கோங்க. நான் முதல் டிசம்பர் தங்க இடமில்லாம சிநேகிதி வீட்டு சோபாவுல மூணு வாரம் கிடந்தேன்.

இன்னொண்ணு, தரை. அங்க ஸ்டூடியோல அடியில துள்ளற மரம், மேல வினைல் விரிச்சிருப்பாங்க. முட்டிக்கு அவ்ளோ நல்லது, ஆனா வெறுங்கால் ஒட்டும், தட்டுனா சத்தமே எழும்பாது. முதல் மாசம் எனக்குக் காது செவிடான மாதிரி இருந்துச்சு. கெஞ்சிக் கேட்டு வினைல் இல்லாத ஒரு பழைய மர அறையை வாரத்துக்கு ரெண்டு நாள் வாங்கிக்கிட்டேன்.

ஆய்வு_அகிலா:
மீனா அக்கா, பொண்ணையே டான்ஸ் டிபார்ட்மெண்ட்டுக்கு எழுதச் சொல்லுங்க. பரதப் பயிற்சியைத் தனிப் படிப்பா எடுத்தா கிரெடிட் தருவாங்களா, வெளியில இருந்து குருவோ பாடகரோ வரவழைக்க நிதி இருக்கா, பக்கத்து காலேஜ்ல போய் கோர்ஸ் எடுக்கலாமா, கடைசி வருஷப் படைப்பு பரதத்துலயே பண்ணலாமா. சின்ன காலேஜ்ல பேராசிரியரே பதில் போடுவாங்க. பதில் எந்தத் தொனியில வருதுன்னு பாத்தாலே பாதி புரிஞ்சிரும்.

தட்டுக்கழி:
நானும் ரெண்டு நாளா இதையே நினைச்சிட்டிருந்தேன். மீனா அம்மா, குழந்தை போறதா இருந்தா, இன்னும் கையில இருக்கற மாசங்களை வீணாக்க வேண்டாம். புது உருப்படி கத்துக்க வேண்டாம், அவ டீச்சர்கிட்ட சொல்லி நட்டுவாங்கம், அதாவது சொல்லு சொல்லித் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தறதை, கத்துக்கச் சொல்லுங்க. தாளம் தட்டற தட்டுக்கழியும் அடியில வெக்கற மனைக்கட்டையும் கையோட போகட்டும். தெரிஞ்ச வர்ணத்தோட சாகித்யத்தைத் தானே பாடக் கத்துக்கட்டும், குரல் எப்படி இருந்தாலும் பரவால்ல. தானே பாடி, தானே தாளம் போடத் தெரிஞ்சா எந்த ஊர்லயும் ஆட்டம் நிக்கும். தினம் நாப்பது நிமிஷம் அடவு, மூணு காலத்துலயும், அதாவது மூணு வேகத்துலயும், காய்ச்சல் வந்தாத்தான் லீவு. கோடை விடுமுறையில வந்தா என் வகுப்புல வந்து உக்காரட்டும், காசு வேண்டாம். போன என் ரெண்டு பிள்ளைங்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லி அனுப்பல. கோபத்துல இருந்தேன். அது இப்ப உறுத்துது.

மீனா_கோவை:
மூணு வாரம் கழிச்சு எழுதறேனுங்க. டிபார்ட்மெண்ட்ல இருந்து பதில் வந்துச்சு, ஒரு பேராசிரியை ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க. தனிப் படிப்பா பரதம் பண்ணலாமாம், வருஷத்துக்கு ஒரு தடவை வெளிக் கலைஞர் வர நிதி கேக்கலாமாம். கடைசில, நீ அரைமண்டில உக்காரும்போது உன் முதுகு என்ன நினைக்குதுன்னு எழுதி அனுப்புன்னு கேட்டிருந்தாங்க. இவ அதுக்கு நாலு நாள் உக்காந்து எழுதுனா. அவங்கப்பா வாங்கிப் படிச்சாரு. படிச்சுட்டு, கொஞ்சம் உக்காந்து காட்டு கண்ணுன்னாரு. இவ ஹால்ல அரைமண்டி உக்காந்தா, அவர் கீழ தரையில உக்காந்து முட்டியையும் பாதத்தையும் பாத்துட்டு, நேராத்தான் இருக்குதான்னு என்கிட்ட கேட்டாரு. பன்னெண்டு வருஷத்துல அவர் அவ கால்களைப் பாத்தது அன்னைக்குத்தானுங்க.

ஆகஸ்ட்ல கிளம்பறா. நட்டுவாங்கம் வாரத்துல நாலு நாள் போறா, வீடு பூரா தட்டுக்கழிச் சத்தந்தான். தட்டுக்கழி டீச்சர், அடுத்த கோடையில கண்டிப்பா உங்ககிட்ட கூட்டிட்டு வர்றேன். சலங்கையை எதுல வெக்கறதுங்க, கையில கொண்டு போற பையிலயா, பெட்டியிலயா?

பனிக்காட்டு_தமிழ்:
பெட்டியில போடாதீங்க அக்கா, பெட்டி தொலைஞ்சா போச்சு. கைப்பையிலயே வைங்க. ஸ்கேன்ல திறந்து காட்டச் சொல்வாங்க, ஒரு தடவை ஆட்டிக் காட்டச் சொல்லுங்க, விட்டுருவாங்க.

தட்டுக்கழி:
தோல் பட்டை அங்க ஹீட்டர் காத்துல காஞ்சு வெடிக்கும். மாசம் ஒரு தடவை எண்ணெய் தொட்டுத் துடைக்கணும். தேங்காயெண்ணெய் குளிர்ல உறைஞ்சிரும், நல்லெண்ணெய் சின்ன பாட்டில் ஒண்ணு குடுத்து விடுங்க.